நீலக்கட்டம் போட்ட பை

ஆபீஸ் நண்பரிடம் பாதி விலைக்கு வாங்கிய பழைய குடும்பக் கூடாரம் அது. "நானே இப்பத்தான் முதல் தடவையா பிரிக்கிறேன்" என்றபடி சந்தானம் அதை ஏரிக்கரைப் புல்லில் உதறிப் போட்டான். எந்தக் கம்பி எந்த ஓட்டையில் போகும் என்று சொல்ல ஒரு குறிப்புத்தாள்கூட இல்லை. இரண்டு முறை நிமிர்த்தினார்கள். இரண்டு முறையும் தலையிலேயே கவிழ்ந்தது. "பேசாம இதைப் போர்த்திக்கிட்டுத் தூங்கிடலாம்பா" என்று மகள் சிரித்தாள். மூன்றாம் முறை அமுதவல்லி டார்ச்சோடு உள்ளே நுழைந்து நடுக்கம்பைப் பிடித்துக்கொள்ள, சந்தானம் வெளியே முளை அடித்தான்.

"அமுதா, ரெண்டு கையாலயும் பிடி. இடது பக்கம் ஒரு பை தைச்சிருக்கும், டார்ச்சை அதுல சொருகு."

முதல் தடவையாகப் பிரிப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? அவள் வெளிச்சத்தைத் திருப்பினாள். நீலக்கட்டம் போட்ட சட்டைப்பை. ஓரத்தில், எலுமிச்சம்பழம் தேய்த்தும் அவளால் போக்க முடியாத அதே மைக்கறை. கல்யாண நாளுக்கு அவள் எடுத்துக் கொடுத்த சட்டை. இஸ்திரிக் கடையில் தொலைந்துவிட்டது என்று அவன் சொன்னதை நம்பி, தெருவே பார்க்க அந்த இஸ்திரிக்காரரைத் திருடன் என்று ஏசியிருந்தாள். பையைச் சுற்றி யாரோ பொறுமையாக, நெருக்கமாகத் தையல் போட்டிருந்தார்கள்.

மகள் தலையணையோடு உள்ளே தவழ்ந்து வந்தாள். "அம்மா, நின்னுடுச்சு!"

"விட்டுடாத அமுதா, எல்லாம் விழுந்துடும்!" என்றான் வெளியிலிருந்து.

அமுதவல்லி விடவில்லை. அந்த இஸ்திரிக்காரரின் பெயர் என்ன என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.