முறைப்பாடு தந்தவர்

“நாயை வெயிலிலை கட்டிப்போட்டுத் தண்ணியும் வைக்கிறேல்லையாம். முறைப்பாடு வந்திருக்கு, அம்மா,” என்றார் பொலிஸ்காரர் ஜெயசுதன். முற்றத்து நாயின் கழுத்தைச் சங்கிலி அறுத்துப் புண்ணாக்கியிருந்தது.

“ஆர் சொன்னது? பக்கத்து வீட்டு நல்லம்மாவோ?” என்றார் பரமேஸ்வரி. “அவளின்ரை கோழியைக் கடிக்குதெண்டுதானே கட்டினனான். கட்டினாலும் குற்றமோ?”

“கட்டலாம். தண்ணியில்லாமல், புண்ணுக்கு மருந்தில்லாமல் கட்டேலாது. மிருகவதையெண்டு வழக்குப் போடுவம்.”

வழக்கு என்றதும் பரமேஸ்வரியின் குரல் இறங்கியது.

“தம்பி, உது என்ரை நாயில்லை. கனடாவிலை இருக்கிற என்ரை மோன் வளர்த்தது. வழக்கெண்டால் அவனிலை போடுங்கோ. கோட்டுக்கு இழுக்கிறதெண்டால் அவனை இழுங்கோ!”

“அவரோடை கதைச்சனாங்கள், அம்மா. முறைப்பாடு தந்ததே அவர்தான்.”

“என்ரை மோனோ? அவன் அங்கையிருந்து எப்பிடிக் கண்டவன்?”

ஜெயசுதன் கூரை விளிம்பைக் காட்டினார். கள்ளருக்குப் பயந்து மகன் ஆள்விட்டுப் பொருத்துவித்த கமரா, முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது. அவன் கனடாவில் இருந்தபடியே அதைத் தன் போனில் பார்ப்பானாம்.

பரமேஸ்வரி கமராவை அண்ணாந்து பார்த்தார். பிறகு பொலிஸ்காரரை நெருங்கி, மெல்லிய குரலில் கேட்டார்:

“தம்பி, உதிலை நாங்கள் கதைக்கிறதும் கேக்குமோ?”