அரிசி மாவுப் பாதை

புதுப் பாதையை எங்கே போடுவது என்று முடிவுசெய்ய ஊரில் எல்லாரும் கூடினார்கள். மேலேயிருந்து பார்த்தது நான்தானே என்று கொக்கு முந்திக்கொண்டு, அரிசி மாவால் ஊரைத் தரையில் வரைந்தது. பாதையைக் குட்டையின் நடுவே நேராக இழுத்தது.

"அண்ணே, அது என் வீடு" என்றது தவளை.

"மேலேருந்து வெறும் பள்ளமாத்தான் தெரிஞ்சுது. மூடிடலாம். சாப்பிட்டு வந்து எல்லாரும் தலையாட்டினா முடிஞ்சுது."

தவளைக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்தால், வரைந்த பாதையைக் காணோம். எறும்புகள் மாவைச் சுமந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வழியெல்லாம் சிந்திய மாவு, குட்டையைச் சுற்றி மேட்டோரமாக மறுகரை வரை வெள்ளையாக நீண்டிருந்தது.

"யாரைக் கேட்டு அழிச்சீங்க?" கொக்கு கத்தியது.

"கூட்டம்னு எங்களுக்கு யார் சொன்னா? மாவு கிடந்துச்சு, எடுத்தோம்."

"சரி, நேராப் போகாம ஏன் இப்படிச் சுத்துறீங்க?"

"மழைக்காலத்துல இந்த மேடு மட்டும்தான் முழுகாது."

கொக்கு அந்த வெள்ளைத் தடத்தையே பார்த்தது. முதலில் அதுதான் தலையாட்டியது. பிறகு எல்லாரும் ஆட்டினார்கள். தவளை பெருமூச்சு விட்டுத் தொப்பென்று குட்டைக்குள் குதித்தது.

கொக்கு மிச்ச மாவை எறும்புகள் பக்கம் தள்ளியது.

"பள்ளிக்கூடம் எங்க வரலாம்னும் சொல்லிட்டுப் போங்க."