தேன்சிட்டின் எதிராளி

அந்தச் சன்னல் கண்ணாடிக்குள் திரவப் படிகம் இருந்தது. பெயரில் இரண்டும் உண்டு. உண்மையில் அது முழுத் திரவமும் இல்லை, முழுப் படிகமும் இல்லை. வெயில் ஏறினால், சூடு உள்ளே வராமல் தடுக்க, கண்ணாடி ஆடிபோல் மாறி முகம் காட்டும். வெயில் தணிந்தால் தெளிந்துவிடும்.

முகம் காட்டும் நேரமெல்லாம் ஆண் தேன்சிட்டு ஒன்று வந்து, தன் பிம்பத்தை எதிராளி என்று நினைத்துக் கொத்திக்கொண்டே இருந்தது. கூட்டில் குஞ்சுகள் பட்டினி.

மூன்றாம் நாள் பெண் தேன்சிட்டு கண்ணாடியிடமே வந்தது. "அண்ணே, ஒத்தையா இரை தேட முடியல. சின்னவனுக்குக் கத்தக்கூடத் தெம்பில்ல. அது அவரேதான்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்மா. 'நீயும் அவன் கட்சியா'ன்னு எனக்கு ரெண்டு கொத்து விழுந்துச்சு."

மறுநாள் வெயில் ஏறியபோது கண்ணாடி, இல்லாத பல்லைக் கடித்துக்கொண்டு தெளிவாகவே நின்றது. உள்ளே இருந்தவர்கள் வியர்த்துப்போய், "இது பழுது, மாத்திடணும்" என்றார்கள்.

ஆண் சிட்டு வந்தது. எதிராளியைக் காணோம். "ஓடிட்டான், பயந்தாங்கொள்ளி!" என்று கூவிவிட்டு, சிலந்தி ஒன்றைக் கவ்விக்கொண்டு நேரே கூட்டுக்குப் பறந்தது.

"உங்களைக் கழட்டிடுவாங்களாமே, அண்ணே?" என்றது பெண் சிட்டு.

"புதுக் கண்ணாடி வர ஒரு வாரம் ஆகுமாம். பிள்ளைங்க பறக்க எத்தனை நாளாகும்?"

"ஆறு."

"அப்போ சரியா இருக்கும்," என்றது கண்ணாடி.