சுத்தமான ஒலி

ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய ஒலிபெருக்கியின் முதல் ஜோடி தயாரானதும், பொறியாளர் சேந்தன் பாடகி குமுதவல்லியையே வரவழைத்து அவருடைய பாட்டை ஒலிக்கவிட்டார். குரலுக்கு முன்பே வாயின் சத்தம் கேட்டது. நாக்கு அண்ணத்திலிருந்து பிசுபிசுத்துப் பிரிந்தது. எச்சில் இழை அறுந்தது. தொண்டையில் சளி புரண்டது. இரண்டாம் வரியிலேயே குமுதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நிறுத்துங்க. இது என் பாட்டு இல்லீங்க, என் வாய்.”

“மேடம், இவ்வளவு சுத்தமா வேற எதுலயும் கேக்காது!”

“சுத்தமா?” என்றவர், எழுந்து வெளியேறினார்.

சேந்தன் தனியாக உட்கார்ந்து மறுபடி ஒலிக்கவிட்டார். சரணம் வந்தபோது, எச்சில் தெறித்ததுபோல் கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தைத் துடைத்தார். கன்னம் காய்ந்துதான் இருந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தார்.