அனுப்பியவர் பெயர்

இணையச் செய்திக்குழுக்களில் படிக்கவும் எழுதவும் குகனேசன் தானே ஒரு மென்பொருளை உருவாக்கினான். அதிலிருந்து முதன்முதலாக அனுப்பியது, ஊரில் காணாமல்போன தன் ஆசிரியரைப் பற்றிய கட்டுரை. அவரைக் கொண்டுபோனவர்கள் யார் என்பதையும் எழுதி, கடைசியில் 'வழிப்போக்கன்' என்று புனைபெயர் போட்டிருந்தான்.

சில நாள் கழித்து ஒரு பதில் வந்திருந்தது. 'குகனேசன் அண்ணை, வாசித்தோம்' என்று மட்டும்.

பதறிப்போய்த் தன் கட்டுரையைத் திறந்தான். அதன் தலைப்பகுதியில், அனுப்பியவர் என்ற இடத்தில், அவனுடைய முழுப்பெயர் இருந்தது. சோதனைக்காக நிரலுக்குள் எழுதிவைத்த பெயரை அவன் நீக்கவே இல்லை.

"அழிச்சு விடுங்கோவன்," என்றாள் மனைவி ரஞ்சிதமலர்.

"அழிக்கச் சொல்லி இப்ப அனுப்பினனான். ஆனா அது எத்தினையோ நாட்டுக் கம்பியூட்டருக்குப் போயிட்டுது. எல்லாம் சொல்லுக் கேக்காது."

"ஐயோ, மாமி அங்க தனியவெல்லோ இருக்கிறா!"

அவன் உடனே ஊருக்குத் தொலைபேசி எடுத்தான். அம்மாவின் குரல் உற்சாகமாக இருந்தது.

"நல்ல நேரம் எடுத்தாய் தம்பி. உன்ர கூட்டாளிமாராம், வந்திருக்கினம். நீ ஏதோ எழுதினியாம், நல்லாயிருக்காம். தேத்தண்ணியும் குடிச்சு முடிச்சிட்டினம். இன்னும் போகேல்லை."