எந்த ஊர்க் கடிகாரம்?

"குழந்தைக்கு மூச்சு திணறுதுன்னு வச்சுக்குங்க. அப்ப இந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் குடுக்குமா, காரணம் குடுக்குமா?"

கவுன்ட்டர் பெண்ணின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன. டிராவல்ஸ் ஆபீசுக்கு வருகிறவர்கள் ஜன்னல் சீட் கேட்பார்கள், சாப்பாடு உண்டா என்று கேட்பார்கள். பயண இன்ஷூரன்ஸைப் பற்றி இப்படி வேர்த்து விறுவிறுத்துப்போய் யாரும் கேட்டதில்லை.

"கண்டிப்பா பணம் குடுப்பாங்க சார். பாப்பாவுக்கு வீசிங் இருக்குன்னு முதல்லயே சொல்லிட்டு எடுங்க. அதுக்கும் சேர்த்துதான் இந்த பாலிசி."

"அதான் சொல்றாங்கல்ல?" என்றாள் அவர் மனைவி. "வெளிநாட்டுல இருக்கற எங்க அக்கா குழந்தையை இன்னும் போன்லதான்மா கொஞ்சிக்கிட்டிருக்கேன். டிக்கெட் போட்டாச்சு, பெட்டி கட்டியாச்சு. இவர் ஒருத்தர்தான் இன்னும் கிளம்பல."

அவர்களுடைய மகள் மேஜை மேல் இருந்த உலக உருண்டையைச் சுற்றிவிட்டு, கண்ணை மூடி, விரலால் நிறுத்திக்கொண்டிருந்தாள். விரல் பெரும்பாலும் கடலில்தான் விழுந்தது. கழுத்தில் தொங்கிய சின்னப் பைக்குள் இன்ஹேலர் இருந்தது.

"இங்க பாருங்க." அவர் பாலிசித் தாளின் பொடி எழுத்தில் விரலை வைத்தார். "நோய் நிலையா இருந்தாத்தான் பணம்னு போட்டிருக்கு. போன மாசம் டாக்டர் இவளுக்கு மருந்தைக் குறைச்சார். அது நிலையா, மாற்றமா?"

"குறைச்சா நல்லதுதானே சார்?"

"நல்லதுதான். ஆனாலும் மாற்றம். மாற்றம்னு ஒருத்தன் எழுதிட்டா முடிஞ்சுது."

"எந்தப் புண்ணியவான் சார் அப்படி எழுதுவான்?" என்று அவள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில சேர்த்தா மறுநாளுக்குள்ள தகவல் சொல்லணும்னு இருக்கு. ஒரு அம்மா போன் பண்ணிச் சொன்னாங்க. அவங்க இருந்த ஊர்ல அது மறுநாள்தான். இங்க அதுக்குள்ள அதுக்கும் அடுத்த தேதி பொறந்தாச்சு. எந்த ஊர்க் கடிகாரத்தைப் பாக்கறது?"

"அந்த அம்மாவுக்குப் பணம் வந்துச்சா சார்?"

அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார். "இங்க இருக்கற கடிகாரம்தான்னு முடிவாச்சு. வரல."

பாஷை தெரியாத ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் நீளமான வெள்ளை வராந்தாவின் கோடியில் காதில் போனுடன் நிற்கும் ஒரு பெண் கவுன்ட்டர் பெண்ணின் கண் முன்னால் வந்து போனாள்.

லொக்கென்று ஓர் இருமல்.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மனைவியின் கை இன்ஹேலர் பைக்குப் போனது. மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. தொண்டையில தூசி."

அவர் உட்கார்ந்தார்.

"அங்க டாக்டர் உன்கிட்ட கேட்பார், எப்பலேர்ந்து இருமல்னு," என்றார் மனைவியிடம். "நீ என்ன சொல்வ?"

"ரெண்டு நாளா இருந்தா ரெண்டு நாளான்னுதான் சொல்வேன்."

"சொல்லிடாதே! எழுதிக்குவாங்க. அதைத்தான் இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல தேடிப் படிப்பான். வரும்போதே நோய் முத்தியிருந்துச்சு, மறைச்சுக் கூட்டிட்டு வந்தாங்கன்னு ஆயிடும்."

"என் பொண்ணு மூச்சுக்குத் தவிக்கறப்ப நான் வார்த்தையை எடை போட்டுக்கிட்டு நிக்கணுமா?"

அவர் பாலிசித் தாளை மடித்து மேஜை மேல் வைத்தார். பிறகு மெதுவாக, "நாம போக வேண்டாம்," என்றார்.

மனைவியின் கண்கள் நிறைந்துவிட்டன. மகள் உருண்டையைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

கவுன்ட்டர் பெண்ணுக்கு மனது கேட்கவில்லை. மேஜை இழுப்பறையைத் துழாவி ஒரு கார்டை எடுத்தாள்.

"சார், ஒரு நிமிஷம். இந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில பணம் உண்டா இல்லையான்னு கடைசியா முடிவு பண்றவர் ஒருத்தர் இருக்கார். ஏஜென்ட்டுங்க அவருக்கு வச்ச பேரு கத்தரி. அவர் கைக்குப் போன பேப்பர் முழுசாத் திரும்பாதாம். நான் பேசினதுகூடக் கிடையாது. ஆனா அவர் வாயால உண்டுன்னு சொல்லிட்டா உண்டுதான். இப்பவே கேட்டுடலாம்."

"கத்தரியா?" அழுகைக்கு நடுவே மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம்மா, கூப்பிடாதீங்க," என்றார் அவர் அவசரமாக.

"பயப்படாதீங்க சார். போன்ல கடிச்சிட மாட்டார்."

எண்களை அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையில் மணி போனது. எதிரே, அவருடைய சட்டைப் பைக்குள்ளிருந்தும் மணி அடித்தது.

"அப்பா, உங்க ஆபீஸ் போன்," என்றாள் மகள்.

அவர் எடுக்கவில்லை.

"நாங்க அங்க இருக்கற நாள்ல என் நாற்காலியில வேற ஒருத்தன் உக்காருவான்மா," என்றார். "அவனுக்குத் தொழில் கத்துக் குடுத்தது நான்."