எதிர்த்தரப்பு

"இந்த நிலையத்தை இழுத்து மூடணும். ஆளே வராத இடத்துல நர்ஸுகளுக்குச் சம்பளம் தண்டம்!" அக்கா சாப்பாட்டு மேசையை ஓங்கித் தட்டினாள். தண்ணீர்க் குவளை ஆடியது.

தங்கை கைதட்டினாள். "பிரமாதம்க்கா! நீ அங்கயே வேலை பார்க்கிற நர்ஸுன்னு சத்தியம் பண்ணாலும் யாரும் நம்பமாட்டாங்க."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் மாறாத இடம் அந்தத் தாய்சேய் நல நிலையம். அதை மூடப்போகிறார்கள் என்று மாநகராட்சியில் பேச்சு அடிபட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தங்கை பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கப் போனவள். நகரின் மறுகோடியில் விடுதி, விடுமுறைக்குத்தான் வருவாள். வகுப்பில் ஒரு பொது விசாரணையை நடித்துக் காட்ட வேண்டுமாம். மூடச் சொல்லி ஓர் அணி, கூடாது என்று ஓர் அணி. தங்கை அக்காவின் நிலையத்தையே எடுத்துக்கொண்டு, கூடாது என்கிற அணியில் சேர்ந்திருக்கிறாளாம்.

"எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னு தெரிஞ்சாத்தானே நான் மடக்க முடியும்? உன்னைவிட யாருக்குக்கா உள்விஷயம் தெரியும்?" என்று மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இரட்டை ஷிப்ட் பார்த்து அவளைப் படிக்க வைத்ததே, நம் வீட்டில் ஒருத்தியாவது மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரட்டும் என்றுதான்.

"சரி, எதிர்த்தரப்பு அம்மா, மேல சொல்லுங்க."

"ஒரேயடியா மூடினா தெருவே திரண்டு வந்துரும். முதல்ல ராத்திரி டாக்டரைத் தூக்கிடணும். வலி வந்தவ ஒரு தடவை பூட்டின கதவைப் பார்த்தா போதும், அடுத்தவ இந்தப் பக்கமே வரமாட்டா. அப்புறம், கூட்டமே இல்லைன்னு தாராளமா சொல்லிக்கலாம்."

தங்கையின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. "அப்புறம்?"

"விசாரணையை வேலை நாள்ல, காலையில வைக்கணும். கூலிக்குப் போறவங்க வேலையை விட்டுட்டு எங்க வரப்போறாங்க? அப்படியே வந்தாலும், பெரிய ஆஸ்பத்திரிக்கு இலவச வண்டி விடறோம்னு ஒரு வார்த்தை சொல்லு. வாயடைச்சுப் போயிடுவாங்க. வண்டி வருதா வரலையான்னு அப்புறம் யார் பார்க்கப்போறா?"

சொல்லச் சொல்ல அக்காவுக்கே உற்சாகம் பொங்கியது. சொந்த வீட்டுக்கே கன்னம் வைத்துப் பார்ப்பதில் ஒரு தனி ருசி இருக்கத்தான் செய்கிறது.

"போதும்டி, எனக்கே பயமா இருக்கு. இதுக்கெல்லாம் பதில் வச்சிருக்கியா?"

"நான் பார்த்துக்கறேன்க்கா."

முன்பெல்லாம் தங்கை வீட்டுக்கு வந்ததும் மதிப்பெண் குறைத்த வாத்தியாரைக் கரித்துக் கொட்டுவாள். இப்போது வாத்தியார் பேச்சே இல்லை; கேட்டால், "ஆய்வுக் கட்டுரை இழுக்குதுக்கா" என்பதோடு சரி. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே நிலையத்தின் இரவு மருத்துவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாக இருக்கும் என்று அக்கா மனசைத் தேற்றிக்கொண்டாள். பிறகு விசாரணைக்கு நாள் குறித்தார்கள். வேலை நாள், காலை நேரம்.

மாநகராட்சி மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. ஆணையர் எழுந்தார். "ராத்திரியில கூட்டமே வர்றதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு இலவச வண்டி விடப்போறோம். யாருக்கும் ஒரு குறையும் வராது."

எதிர்த்துப் பேச எழுந்த ஒரு கர்ப்பிணி, அதைக் கேட்டதும் தயங்கி உட்கார்ந்துவிட்டாள். அத்தனையும் அக்காவின் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்!

"வண்டியெல்லாம் வராதுங்க!" என்று கத்தினாள்.

"எதை வச்சும்மா சொல்றீங்க?" என்றார் ஆணையர் பொறுமையாக.

என்ன சொல்வாள்? அந்த யோசனையே தன்னுடையது என்றா? வேறு யாரும் கை தூக்கவில்லை. நிலையத்தை மூடுவதென்று முடிவாயிற்று.

அக்கா வெளியே வந்தாள். நடைபாதைத் தூணோரம் தங்கை நின்றிருந்தாள். எனக்காக வகுப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறாளே என்று நினைத்ததும் அக்காவுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

"திருடிட்டாங்கடி! நீ எழுதினதை அப்படியே தூக்கிக் கொடுத்துட்டாங்க. உன் கூடப் படிக்கிறவங்கள்ல எவனோ ஒருத்தன், இல்லேன்னா அந்த வாத்தியார். நம்ப வச்சுக் கழுத்தை அறுத்துட்டாங்களே! பாவிங்க, உன் படிப்பையே வச்சு என் வயித்துல அடிச்சுட்டாங்களே!"

"அக்கா, மெதுவா பேசு..."

"ஏன்டி மெதுவா பேசணும்? நாம என்ன தப்பு பண்ணோம்? வா, இப்பவே உன் காலேஜுக்குப் போவோம். எவன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்." தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

தங்கை நகரவில்லை. மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"படிப்பை முடிச்சு, நான் இந்த மாநகராட்சி ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சுக்கா."